பதின்மூன்றாவது வால்வு

நம் மாவட்டத்து டயர் கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில், "அண்ணன் ரிட்டயர் ஆகிச் சும்மாதானே இருக்காங்க, புதுசா தொழிலுக்கு வந்த பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதட்டும்" என்று யாரோ போட்டுவிட்டார்கள். உடனே முப்பது பேர் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். வேண்டுகோளுக்கும் அஞ்சலிக்கும் அந்தப் படம் ஒன்றுதான் என்பதால், உயிரோடு இருக்கிறேன் என்று காட்டவாவது நான் எழுத வேண்டியதாயிற்று.

திருவரங்குளத்தில், அறந்தாங்கி சாலையை ஒட்டி, முப்பத்திரண்டு வருஷம் டயர் கடை வைத்திருந்தேன். டயரைக் கழற்றுவது, மாட்டுவது, பேலன்ஸ் பார்ப்பது எல்லாவற்றையும் இப்போது மெஷினே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடும். நான் சொல்ல வந்தது வால்வைப் பற்றி. காற்று உள்ளே போகிற அந்தச் சுண்டுவிரல் நீளக் குழாய். டயர் வாங்க வருகிறவர் டயரைத் தட்டிப் பார்ப்பார், தயாரித்த தேதியைப் பார்ப்பார், விலைக்கு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுவார். வால்வைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அதை முழுக்க நம் கையில் விட்டுவிடுவார். என் கையில் விட்டவர்களுக்கு என்ன ஆனது என்று கேளுங்கள்.

முதலில் சின்னதாக ஒன்று. அரிமளத்துக்காரர் ஒருவர் குவைத்திலிருந்து விடுமுறையில் வந்து, காருக்கு அலாய் வீல் மாட்டினார். நான்தான் ஆசை காட்டினேன்: "இதுக்குப் பளபளன்னு நீள வால்வு ஒண்ணு இருக்கு, மாப்பிள்ளை காருக்கு நகை போட்ட மாதிரி இருக்கும்." போட்டுவிட்டேன். வீலின் விளிம்பைத் தாண்டி ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அந்தக் காரில்தான் அவர் பெண் பார்க்கப் போனார். பெண் வீட்டுச் சந்து குறுகல். சுவரில் உரசி வால்வு ஒடிந்து, கார் அவர்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது. பெண் வீட்டார்தான் ஸ்டெப்னி மாட்டிக் கொடுத்தார்கள். கல்யாணமும் நடந்தது. அந்த மாமனார் இன்றைக்கும் என்னைப் பார்த்தால், "மாப்பிள்ளை அன்னைக்குப் பிடிக்கலைன்னு கிளம்பிருப்பாருங்க, நீங்கதான் நிக்க வச்சீங்க" என்பார். வால்வு விளிம்புக்குள்ளேயே தலையை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதை அப்படித் தெரிந்துகொண்டேன்.

அது சிரித்துவிட்டுப் போகிற தப்பு. அடுத்தது அப்படி இல்லை.

டியூப் இல்லாத டயருக்கு நாம் போடும் ரப்பர் வால்வில் இரண்டு தினுசு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். காருக்கு ஒன்று. லோடு வண்டிக்கும் ஆள் ஏற்றும் வேனுக்கும் இன்னொன்று. கார் டயரில் இருக்கிற காற்றைப் போல இரண்டு பங்கு காற்று லோடு வண்டிக்கு அடிக்கிறோம். அதைத் தாங்க அந்த வால்வின் அடிப்பக்கம் தடித்து, உள்ளே பித்தளை இன்னும் கீழே இறங்கியிருக்கும். ஆனால் வீலில் மாட்டிய பிறகு வெளியே தெரிகிற பாகம் இரண்டிலும் ஒன்றேதான். ஒரே கறுப்பு, ஒரே உயரம். ஓட்டையும் ஒரே அளவு. இதை அதில் போட்டாலும் உட்காரும், அதை இதில் போட்டாலும் உட்காரும். காற்று நிற்கும். சோப்புத் தண்ணீர் ஊற்றினால் ஒரு குமிழி வராது. வண்டி கிளம்பிப் போகும். லோடு ஏறி, வேகம் பிடித்து, டயர் சூடான பிறகுதான் அந்த மெல்லிய ரப்பர் அடியில் பிதுங்க ஆரம்பிக்கும். பிதுங்கியது பிய்த்துக்கொண்டு போனால், முழுக் காற்றும் ஒரே மூச்சில் வெளியே வந்துவிடும்.

இத்தனையும் தெரிந்தவன் நான். தெரிந்ததால்தான் கார் வால்வை ஒரு ஊறுகாய் பாட்டிலிலும், லோடு வால்வை ஒரு பிஸ்கட் டின்னிலும் வருஷக்கணக்காகத் தனித்தனியே வைத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வேன்.

ஐந்தாறு வருஷத்துக்கு முன்பு ஒரு ஆயுத பூஜை. நம் கடைகள் வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் சுத்தமாகின்றன, அந்த ஒரு நாளும் ஆபத்தான நாள் என்பது என் அனுபவம். அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்து, டின்னையும் பாட்டிலையும் கழுவி வெயிலில் வைத்தேன். மேலே ஒட்டியிருந்த பேப்பர் தண்ணீரில் போய்விட்டது. பூஜைக்கு நேரமாகிவிட்டதென்று திரும்ப அள்ளிப் போட்டபோது கார் வால்வு டின்னுக்குள் போனது. மீந்து கிடந்த பழையதை ஒதுக்கி வைத்துவிட்டு, புதிதாக வந்த ஐம்பது கார் வால்வு பாக்கெட்டைப் பிரித்து அதை மட்டும் டின்னில் கொட்டினேன். லோடு வால்வு பாட்டிலுக்குப் போனது. பிறகு இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சாம்பிராணி காட்டி, பொரிகடலை படைத்து விழுந்து கும்பிட்டேன். சாமி என்ன நினைத்ததோ!

அடுத்த பத்து நாளும் கை எனக்குச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. கார் வீல் ஓட்டையில் வால்வை இழுத்து மாட்டும்போது வழக்கத்தைவிடக் கடினமாக இருந்தது. எனக்கு வயதாகிவிட்டது, தோள்பட்டை பிடித்துக்கொண்டது என்று முடிவு செய்து தைலம் வாங்கித் தேய்த்தேன். லோடு வண்டிக்கு இழுக்கும்போது வெண்ணெய் மாதிரி ஏறியது. தைலம் நல்ல தைலம் என்று நாலு பேருக்குச் சிபாரிசும் செய்தேன்.

பதினோராம் நாள் காலையில் ஆரோக்கியம் வேனைக் கொண்டுவந்தான். பக்கத்து ஊர்க்காரன், சொந்த வேன் ஓட்டுபவன். பதினான்கு பேர் உட்காரலாம். அன்றைக்குத் தேவகோட்டைப் பக்கம் ஒரு காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டுபோகிற சவாரி. நாலு டயரும் புதிது போட வேண்டும். சீர்க்காரர்களும் கூடவே வந்துவிட்டார்கள். பழத்தட்டு, வாழைத்தார், பட்டுப்பாவாடை, பின்னால் ஒரு கிடா. எல்லாருக்கும் தலைவியாக ஒரு ஆத்தா, மாமன்காரனின் தாய், என் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, "ஏய்யா, பத்தரைக்குள்ள காது குத்தணும், ஒன் டயரு எங்களைக் கொண்டுபோய்ச் சேத்துருமா?" என்று கேட்டது.

கேட்டதுதான் தாமதம். என் கடையில் டயர் மாட்டிப் போன எந்த வண்டியும் வழியில் நின்றதில்லை என்று நான் ஆரம்பித்தேன். பேசிக்கொண்டே டின்னிலிருந்து எடுத்து, பேசிக்கொண்டே இழுத்து, பேசிக்கொண்டே காற்று அடித்தேன். நாலு வீலும் முடிந்தது, என் பேச்சு முடியவில்லை. ஆத்தாவே எழுந்து, "போதும்யா, மிச்சத்தை வரும்போது கேக்குறோம்" என்று வேனில் ஏறிக்கொண்டது.

வேன் போய் இருபது நிமிஷம் இருக்கும். ஒரு கார் வந்தது. பழைய வால்வை அறுத்து உள்ளங்கையில் வைத்தேன். பாட்டிலிலிருந்து புது வால்வை எடுத்து அதே கையில் வைத்தேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. பழையதன் அடி மெலிசு, புதியதன் அடி தடிப்பு.

பத்து நாள் தோள்வலி அந்த நிமிஷமே போய்விட்டது. தைலத்தால் முடியாததைப் பயம் செய்துவிட்டது.

ஆரோக்கியத்துக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன், எடுக்கவில்லை. எடுக்க மாட்டான். "வண்டி ஓட்டும்போது போன் எடுத்தேன்னு கேள்விப்பட்டா என் கடைப் பக்கமே வராதே" என்று அவனை மிரட்டி வைத்திருந்தவனே நான்தான். என் பேச்சை ஒழுங்காகக் கேட்ட ஒரே வாடிக்கையாளர் அவன். வேனில் போன வேறு யாருடைய நம்பரும் என்னிடம் இல்லை. என் மொபெட்டைப் பார்த்தேன். அதில் துரத்தினால் மறுநாள்தான் பிடிக்க முடியும்.

ஒரு வழி தெரிந்தது. புதுக்கோட்டை தாண்டி காரைக்குடிப் பக்கம் போகிற எந்த வண்டியும் திருமயத்தில் கோட்டை பைரவர் முன்னால் நிற்காமல் போகாது. ஆரோக்கியம் வண்டியின் டேஷ்போர்டில் மாதா படம்தான் இருக்கும். ஆனாலும் பைரவருக்கு வண்டி நிற்கும். சீர் வண்டி என்றால் தேங்காய் உடைக்காமல் கிளம்பாது. அங்கே அவர்களைப் பிடிக்கவில்லை என்றால், அதற்குப் பிறகு ரோடு நேர்கோடு. அந்த ரோட்டில்தான் அவன் மிதிப்பான்.

திருமயத்தில் எனக்குத் தெரிந்த டயர் கடைக்காரர் ஒரே ஒருவர். அவரோடு நான் மூன்று வருஷமாகப் பேசுவதில்லை.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் வேனுக்கெல்லாம் கார் வால்வைப் போடுவதாக அவர் யாரிடமோ சொன்னார் என்று என் காதுக்கு வந்தது. சுத்தப் பொய். அவருடைய கடைக்கே போய் நடுரோட்டில் நின்று சத்தம் போட்டேன், அவரைக் காற்றடிக்கக்கூட லாயக்கில்லாதவர் என்றேன். அவர் சொன்னாரா இல்லையா என்று கேட்கக்கூட இல்லை. அன்றைக்குப் பொய்யாக இருந்த பழியை, மூன்று வருஷம் கழித்து, பூஜை போட்டு நானே உண்மையாக்கியிருக்கிறேன்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வேன் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதை மட்டும் கணக்குப் போட முடிந்தது. அவர் நம்பரைப் போட்டேன்.

"அண்ணே? நீங்களா? நம்பரு மாத்திப் போட்டுட்டீங்களா?"

"இல்லப்பா. ஒனக்குத்தான். ஒரு வேன் வருது, பைரவர்கிட்ட நிக்கும். அதைக் கொஞ்சம் நிறுத்தி வால்வை ஒரு பார்வை பாக்கணும்."

"ஏன், என்ன கோளாறு?"

"கம்பெனிச் சரக்கு சரியில்லை போல. ஒரு சந்தேகம்தான்."

சொல்லும்போதே எனக்குக் கேட்டது, நான் என்ன செய்கிறேன் என்று. சரக்கு சரியில்லை என்றால் அவர் என்ன செய்வார்? எச்சில் தொட்டு வைத்துக் காற்று கசிகிறதா என்று பார்ப்பார். கசியாது. "நல்லாத்தான் இருக்கு, போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். பொய் சொன்னால் உதவிக்கு வருகிறவன் தப்பான இடத்தில் தேடுவான். நான் இத்தனை பத்தி எழுதியதில் இந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீங்கள் மறந்தாலும் எனக்குச் சம்மதம்.

"தம்பி, அது இல்லை. கார் வால்வைப் போட்டுட்டேன். நாலு வீல்லயும். டப்பா மாறிப்போச்சு. உள்ளே பதினாலு பேரு."

 மூன்று வருஷத்து வட்டியோடு ஒரு வசவு வரும் என்று காதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"வண்டி நம்பர் சொல்லுங்க."

சொன்னேன்.

"கலரு?"

"வெள்ளை. பின்னாடி ஒரு கிடா நிக்கும்."

"வைங்க. நான் போறேன்."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லிக் கொஞ்சம் ஆறியிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை மனுஷன்.

கடைக்கு வந்த கார்க்காரர், "எங்க வண்டி எப்பங்க?" என்றார். உட்காரச் சொன்னேன். நானும் உட்கார்ந்தேன். எழுந்தேன். மெஷினைத் துடைத்தேன். ரோட்டில் ஒரு ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது; அது அறந்தாங்கிப் பக்கம் போகிறது, நம் வேன் அங்கிட்டு இல்லை என்று எனக்கு நானே இரண்டு முறை சொல்லிக்கொண்டேன். இதுவரை வழியில் நின்றதே இல்லை என்று நான் ஆத்தாவிடம் பேசிய பேச்சு முழுக்க, ஒரு சொல் விடாமல் எனக்கே திரும்பக் கேட்டது.

அரை மணி நேரம் கழித்து போன் வந்தது.

"ஆளைப் பிடிச்சாச்சுண்ணே. தேங்கா ஒடச்சுட்டு ஏறப் போனாங்க. நான் வண்டி முன்னாடி போய் நின்னுட்டேன்."

"எப்படி இருக்கு?"

"மூணு நல்லா இருக்கு. பின்னாடி வலதுல அடி பிதுங்கியிருக்கு. குளவி கொட்டுன ஒதடு மாதிரி. கடைக்குக் கொண்டாந்து ஜாக்கில ஏத்திக் கழட்டிக்கிட்டு இருக்கேன். நாலயும் மாத்தித்தான் விடுவேன். இந்தாங்க, ஒருத்தவங்க பேசணுங்கிறாங்க."

ஆத்தாவின் குரல் வந்தது. "ஏய்யா, நாங்க பிள்ளைக்குக் காது குத்தப் போறோம். அதுக்குள்ள எங்களுக்கு எட்டாம் நாள் காரியம் வைக்கப் பாத்தியேய்யா!"

"தப்புதான் ஆத்தா."

"கிடா எறங்கிச் சீர்மாலைல பாதியத் தின்னுருச்சு. அதுக்கும் நீதான் பொறுப்பு."

"சரிங்க ஆத்தா."

"வாய் மூடுனா வேலை நல்லாச் செய்வே போலருக்கு. இந்தக் கடைக்காரரைப் பாரு, வந்ததுலருந்து ஒரு வார்த்தை பேசலை."

போன் கைமாறியது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு நன்றி சொல்ல ஆரம்பித்தேன். நடுரோட்டில் கத்தியதற்கு மன்னிப்பையும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று வார்த்தை கோத்துக்கொண்டிருந்தேன். அவர் குறுக்கே கேட்டார்:

"அண்ணே, அதெல்லாம் இருக்கட்டும். டப்பா மாறி எத்தனை நாள் ஆச்சு?"

"பத்துப் பதினோரு நாளு இருக்கும்பா" என்றேன்.

"இந்த வேன் ஒண்ணுதானா?"

தம்பிகளே, தங்கைகளே, அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. பதினாலு பேரைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியில் நான் ஏற்கனவே இந்தக் கதையை நாலு பேரிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன். முப்பத்திரண்டு வருஷத் தொழிலில் எனக்கு யாரும் கற்றுக் கொடுக்காததை, நான் லாயக்கில்லை என்று ஏசிய மனுஷர் ஒரு கேள்வியில் கற்றுக் கொடுத்தார். தப்பைக் கண்டுபிடித்த இடத்தோடு தப்பு முடிந்துவிடுவதில்லை.

டின்னைத் தரையில் கொட்டி எண்ணினேன். ஐம்பதில் முப்பத்து மூன்று இருந்தது. வேனுக்கு நாலு. மிச்சம் பதின்மூன்று வால்வு எங்கேயோ லோடு ஏற்றிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது.

கடையைச் சாத்தினேன். அந்தப் பத்து நாளில் யார் யாருக்கு மாட்டினேன் என்று நினைவைக் கசக்கிப் பிழிந்து, அன்றைக்கும் மறுநாளும் போன் போட்டேன். "கார் வால்வு போட்டுட்டேன், லோடு ஏத்தாம மெதுவா வாங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். முதல் ஆளிடம் சொல்ல நாக்கு எழவில்லை. ஆறாவது ஆளிடம் காய்கறி விலை சொல்வது போலச் சொன்னேன். கந்தர்வகோட்டை முந்திரி வண்டிக்காரர், "நீங்க சொல்லலைன்னா எனக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டுவிட்டு, வால்வை மாற்றிக்கொண்டு போனவர் அதற்குப் பிறகு வரவே இல்லை. செங்கல் வண்டிக்காரர் ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு, அடுத்த மாதம் நாலு டயர் வாங்கினார். யார் எதைச் செய்வார்கள் என்பதற்கு இன்றுவரை எனக்கு ஒரு சூத்திரம் அகப்படவில்லை.

திருமயத்துக்காரர் தன் பங்குக்கு அறந்தாங்கியிலிருந்து காரைக்குடி வரை தெரிந்த பஞ்சர் கடைகளுக்கெல்லாம் சொல்லி வைத்தார். "யாரு போட்டாங்கன்னு கேப்பாங்க, என்னண்ணே சொல்லட்டும்?" என்று முதலில் என்னிடம் கேட்டார். என் பேரையே சொல்லுங்கள் என்றேன். சொன்னார். ஒரு வாரத்துக்கு மாவட்டம் முழுக்க எனக்கு நல்ல விளம்பரம்.

பன்னிரண்டு வால்வு திரும்பி வந்தது. பன்னிரண்டையும் அறுத்து மேஜை மேல் வரிசையாக வைத்தேன். அதில் மூன்று பிதுங்கியிருந்தது.

ஒன்று வரவில்லை. அது யாருக்குப் போட்டது என்பதும் எனக்குத் தெரியும், தெரியாது. வாழைத்தார் ஏற்றிய ஒரு வண்டி. வழியில் போனவர், நம் பக்கத்து ஆள் இல்லை. ஒரு வீலில் காற்று இறங்குகிறதென்று நிறுத்தினார். எதிர்க் கடையில் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வால்வை மாற்றிக் கொடுத்தேன். பச்சைத் துண்டு போட்டிருந்தார். "வெண்ணெ மாதிரி வேலை பாக்குறீங்களேங்க" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு நினைவிருக்கிறது. வண்டி நம்பர் நினைவில்லை.

கேட்காத இடம் இல்லை. அந்த மாதம் பேப்பரில் வண்டி கவிழ்ந்த செய்தியெல்லாம் படித்தேன். வாழை வண்டி எதுவும் வரவில்லை. வேறு மாவட்டத்துப் பேப்பரில் வந்திருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? ரப்பர் வால்வுக்கு ஆயுள் நாலைந்து வருஷம்தான். இந்நேரம் எவனோ ஒரு நல்லவன் டயர் மாற்றும்போது அதையும் அறுத்துப் போட்டிருப்பான் என்று என் மனைவி சொல்கிறாள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். நானும் பெரும்பாலும் அப்படித்தான் நம்புகிறேன்.

ஓய்வுக்குப் பிறகு தினமும் காலையில் புதுக்கோட்டை ரோட்டில் நடக்கப் போகிறேன். டீக்கடை ஓரத்தில் வாழைத்தார் வண்டி நின்றால் கால் தானாக நின்றுவிடுகிறது. முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பின் வீலின் வால்வை விரலால் லேசாக வளைத்து, அடி பிதுங்கியிருக்கிறதா என்று பார்க்கிறேன். டிரைவர்கள் முதலில் முறைப்பார்கள்.

"என்ன பெரியவரே, காசு எதுவும் விழுந்துருச்சா?"

"இல்லப்பா. இந்த வால்வு எங்க மாத்துனது?"

"திருச்சிலங்க. ஏன்?"

"நல்ல வால்வுதான். பாத்துப் போய்ட்டு வாப்பா" என்று சொல்லிவிட்டு, அவருடைய அடுத்த வீலுக்கு நகர்ந்து, மறுபடியும் குனிகிறேன்.